8085-இல் ரெஜிஸ்டருக்கும் மெமரிக்கும் இடையே டேட்டா நகர்த்துவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இன்டெல் 8085 வெளிவந்தது 1976-இல். தமிழ்நாட்டின் பொறியியல், பாலிடெக்னிக் லேப்களில் பல தலைமுறை மாணவர்கள் முதன்முதலில் கை வைத்த பிராசசர் இதுதான். அசெம்பிளி மொழி பழக இதைவிடத் தோதான சிப் குறைவு. உள்ளே நடப்பது அத்தனையும் பைட் பைட்டாகக் கண்ணுக்குத் தெரியும்.

படிக்கும் முன் இரண்டு குறிப்பு. முகவரிகள், ஆப்கோடுகள் (ஒவ்வொரு கட்டளைக்கும் உரிய எண்), மெமரியில் உள்ள மதிப்புகள் எல்லாம் ஹெக்ஸ், அதாவது 9-க்குப் பிறகு ஏ முதல் எஃப் வரை போகும் பதினாறின் எண்முறை. நேரக்கணக்கு, எத்தனை பைட் என்ற எண்ணிக்கை இரண்டும் சாதாரண எண்கள். கட்டளைப் பெயர்களை வாயால் சொல்வது போலவே எழுதியிருக்கிறோம்: எம்விஐ, எல்டிஏ, மூவ், புஷ்.

மூவ் பி, சி என்று கொடுத்தால் எது எங்கே போகும்?

பி, சி இரண்டும் ரெஜிஸ்டர்கள், அதாவது பிராசசருக்குள்ளேயே ஒரு பைட் வைக்கும் இடங்கள். சி-யில் இருப்பது பி-க்குப் போகும். முதலில் எழுதுவது சேருமிடம், அடுத்தது புறப்படுமிடம். பெயர்தான் மூவ், செய்யும் வேலை காப்பி. சி-யில் இருந்தது சி-யிலேயே இருக்கும். பி-யில் முன்பு இருந்தது போய்விடும்.

இந்த வரிசை எல்லா பிராசசருக்கும் பொது என்று நினைத்துவிடக் கூடாது. இன்டெல் முறையில் சேருமிடம் முதலில். மோட்டோரோலா 68000-இல் புறப்படுமிடம் முதலில். ஏஆர்எம்-மில் எல்டிஆர் கட்டளை சேருமிடத்தை முதலில் சொல்லும், எஸ்டிஆர் அதே இடத்தில் புறப்படும் ரெஜிஸ்டரைச் சொல்லும். புது சிப்புக்குப் போனால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

எம் என்பது எந்த ரெஜிஸ்டர்?

ரெஜிஸ்டரே இல்லை. எச்எல் ஜோடியில் எந்த முகவரி இருக்கிறதோ, அந்த முகவரியில் உள்ள மெமரி இடத்துக்குப் பெயர் எம். எச்-இல் 45, எல்-இல் 00 இருந்தால் எம் என்பது 4500-ஆம் இடம். எச்எல்-ஐ ஒன்று கூட்டினால் எம்-உம் 4501-க்கு நகர்ந்துவிடும்.

ஆப்கோடைப் பிரித்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். மூவ் கட்டளையின் எட்டு பிட்களில் முதல் இரண்டு எப்போதும் 01. அடுத்த மூன்று சேருமிடம், கடைசி மூன்று புறப்படுமிடம். பி 000, சி 001, டி 010, இ 011, எச் 100, எல் 101, எம் 110, ஏ 111. மூவ் ஏ, எம் என்பது 01 111 110, அதாவது 7இ. மூவ் எம், ஏ என்பது 01 110 111, அதாவது 77. இந்த எட்டு எண்களும் மனதில் இருந்தால் மூவ் குடும்பத்துக்கு ஆப்கோடு அட்டவணையே தேவையில்லை.

அப்படியானால் மூவ் எம், எம் உண்டா?

கணக்குப்படி அது 01 110 110, அதாவது 76. ஆனால் 76 என்பது ஹால்ட். பிராசசரை நிறுத்தும் கட்டளை. ஓர் இடத்தை அதற்கே காப்பி செய்வதில் பயன் இல்லை என்பதால் அந்த இடத்தை வடிவமைத்தவர்கள் வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். 40 முதல் 7எஃப் வரை 64 குறியீடுகளில் 63 மூவ், ஒன்று ஹால்ட்.

மெமரியில் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நேரே மாற்ற முடியுமா?

முடியாது. ஒரு ரெஜிஸ்டரில் ஏறி இறங்கித்தான் போக வேண்டும், பெரும்பாலும் ஏ. 4500-இல் இருப்பதை 4600-க்குக் கொண்டுபோக எல்டிஏ 4500 (அங்கிருப்பதை ஏ-க்கு எடுக்கும்), பிறகு எஸ்டிஏ 4600 (ஏ-யில் இருப்பதை அங்கே வைக்கும்). ஆறு பைட், 26 டி-ஸ்டேட் (பிராசசர் கடிகாரத்தின் ஒரு துடிப்பு ஒரு டி-ஸ்டேட்). 8085-உம் வெளிவந்த அதே 1976-இல் வந்த ஸைலாக் இசட்80, 8085-க்கு முந்தைய இன்டெல் 8080-இன் கட்டளைகளை அப்படியே ஏற்கும். அத்துடன் ஒரு பெரிய துண்டையே நகர்த்தும் எல்டிஐஆர் கட்டளையும் அதில் உண்டு. 8085-இல் அந்த வசதி இல்லை, லூப் எழுதியே ஆகவேண்டும்.

எம்விஐ ஏ, 45 என்பதற்கும் எல்டிஏ 4500 என்பதற்கும் என்ன வித்தியாசம்? எல்எக்ஸ்ஐ எச், 4500 என்பதற்கும் எல்எச்எல்டி 4500 என்பதற்கும்?

லேபில் வரும் தவறுகளில் பாதி இந்தக் கேள்விக்குள் அடங்கும். முகவரி வேறு, அந்த முகவரியில் இருப்பது வேறு. வீட்டு எண்ணும் வீட்டில் இருக்கும் ஆளும் ஒன்றல்ல.

4500-இல் 05, 4501-இல் 1எஃப் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

எல்எக்ஸ்ஐ எச், 4500 கொடுத்தால் எச்-இல் 45, எல்-இல் 00. மெமரியில் 4500-ஆம் இடத்தை பிராசசர் தொடவே இல்லை. எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டது. அடுத்து மூவ் ஏ, எம் கொடுத்தால் ஏ-யில் 05 வரும்.

எல்எச்எல்டி 4500 கொடுத்தால் 4500-இல் உள்ள 05 எல்-க்கும், 4501-இல் உள்ள 1எஃப் எச்-க்கும் வரும். எச்எல் இப்போது 1எஃப்05. அடுத்து மூவ் ஏ, எம் கொடுத்தால் 1எஃப்05 என்ற இடத்திலிருந்து ஏதோ ஒன்று ஏ-க்கு வரும். கிட் (லேபில் உள்ள பயிற்சி போர்டு) எந்தத் தவறும் காட்டாது. ‘புரோகிராம் ஓடுது சார், ஆன்சர்தான் வரல’ என்று ஒருவர் சொன்னால் முதலில் அவருடைய முதல் பைட்டைப் பாருங்கள்: 21-ஆ (எல்எக்ஸ்ஐ எச்), 2ஏ-யா (எல்எச்எல்டி)?

எம்விஐ-யும் எல்டிஏ-யும் அதே ஜாதிதான். முதலாவது 3இ, கட்டளைக்குப் பின்னால் உள்ள எண்ணையே ஏ-யில் போடும். இரண்டாவது 3ஏ, அந்த முகவரிக்குப் போய் அங்கிருப்பதை எடுத்து வரும். கையால் எழுதிய தாளில் 3இ, 3ஏ இரண்டும் ஒன்றுபோலத் தெரிவது வேறு.

எல்டிஏ 4500-ஐ 3ஏ 00 45 என்று ஏன் திருப்பி அடிக்க வேண்டும்?

16 பிட் எண்ணில் கீழ் பைட் முதலில், மேல் பைட் பிறகு என்பது இந்தக் குடும்பத்தின் வழக்கம். அசெம்பிளர் இருந்தால் அது பார்த்துக்கொள்ளும். ஹெக்ஸ் கீபேடில் கையால் அடிக்கும்போது நாம்தான் திருப்ப வேண்டும்.

மறந்து 3ஏ 45 00 என்று அடித்தால் பிராசசர் 0045-ஆம் இடத்துக்குப் போகும். ரீசெட் ஆனதும் 8085 முதல் கட்டளையை 0000-இலிருந்துதான் எடுக்கும். அதனால் கிட்களில், கிட்டையே இயக்கும் மானிட்டர் புரோகிராம் உள்ள ராம் அல்லாத பகுதி, அதாவது பிராசசர் படிக்க மட்டும் முடிகிற ஈப்ராம், அங்கேதான் இருக்கும். எனவே 4500-இல் எந்த எண்ணைப் போட்டுப் பார்த்தாலும் விடை மாறாமல் ஒரே எண்ணாக வரும். இந்த அறிகுறியைப் பார்த்ததும் முகவரி திரும்பியிருக்கிறதா என்று சந்தேகப்படலாம். எஸ்டிஏ-யில் இதே தவறு நடந்தால் ஈப்ராமில் எழுதப் பார்க்கும். எதுவும் எழுதப்படாது, எந்த எச்சரிக்கையும் வராது.

எல்டிஏ கட்டளைக்கு 13 டி-ஸ்டேட் எப்படி ஆகிறது?

பிராசசர் மெமரியை எத்தனை முறை நாடுகிறது என்று எண்ணினால் போதும். 3ஏ 00 45-ஐ எடுத்துக்கொள்வோம். முதல் நடை 3ஏ-யைப் படிக்க, 4 டி-ஸ்டேட். இரண்டாவது 00-ஐப் படிக்க, 3. மூன்றாவது 45-ஐப் படிக்க, 3. இப்போதுதான் முகவரி முழுதாகக் கையில் கிடைத்திருக்கிறது. நான்காவது நடை 4500-க்கே போய் டேட்டாவை எடுத்து வர, 3. மொத்தம் 13.

ஒவ்வொரு நடையிலும் நடப்பது இது. டி1-இல் முகவரியின் மேல் பாதி ஏ8 முதல் ஏ15 வரையிலான கால்களில் வரும். கீழ் பாதி ஏடி0 முதல் ஏடி7 வரையிலான கால்களில் வரும். அந்த எட்டுக் கால்களே பிறகு டேட்டாவையும் சுமக்க வேண்டும் என்பதால், ஏஎல்இ சிக்னல் மேலே போய் இறங்கும்போது கீழ் முகவரியை வெளியே உள்ள லாச்சு பிடித்து வைத்துக்கொள்ளும். பெரும்பாலான போர்டுகளில் அது 74எல்எஸ்373. டி2-இல் ஆர்டி கால் கீழே இறங்கும், மெமரி டேட்டாவை வைக்கும், டி3-இல் பிராசசர் அதை வாங்கிக்கொள்ளும். எழுதும்போது ஆர்டி-க்குப் பதில் டபிள்யூஆர் இறங்கும். மெமரி மெதுவானது என்றால் ரெடி கால் வழியாக இடையில் காத்திருப்பு டி-ஸ்டேட்களை நுழைக்கலாம்.

6.144 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் போட்ட கிட்டில் உள்ளே ஓடும் கடிகாரம் அதில் பாதி, 3.072 மெகாஹெர்ட்ஸ். மூவ் பி, சி-க்கு 4 டி-ஸ்டேட், சுமார் 1.3 மைக்ரோ வினாடி. எல்டிஏ-க்கு சுமார் 4.2. மூவ் ஏ, எம்-க்கு 7 டி-ஸ்டேட்தான். ஒரே முகவரியை அடிக்கடி தொட வேண்டியிருந்தால் எச்எல்-இல் அதைப் போட்டு வைத்துக்கொள்வது லாபம்.

பத்து பைட்டுகளை 4500-இலிருந்து 4600-க்கு மாற்றும் புரோகிராமைக் காட்டுங்கள்.

4100: 21 00 45 — எல்எக்ஸ்ஐ எச், 4500
4103: 11 00 46 — எல்எக்ஸ்ஐ டி, 4600
4106: 0இ 0ஏ — எம்விஐ சி, 0ஏ
4108: 7இ — மூவ் ஏ, எம்
4109: 12 — ஸ்டாக்ஸ் டி
410ஏ: 23 — ஐஎன்எக்ஸ் எச்
410பி: 13 — ஐஎன்எக்ஸ் டி
410சி: 0டி — டிசிஆர் சி
410டி: சி2 08 41 — ஜேஎன்இசட் 4108
4110: 76 — ஹால்ட்

மொத்தம் 17 பைட். எச்எல் எடுக்கும் இடத்தைக் காட்டுகிறது, டிஇ வைக்கும் இடத்தைக் காட்டுகிறது, சி எண்ணுகிறது, ஏ சுமக்கிறது. ஸ்டாக்ஸ் டி, டிஇ காட்டும் இடத்தில் ஏ-யை வைக்கும்; ஐஎன்எக்ஸ் ஜோடியை ஒன்று கூட்டும்; டிசிஆர் ஒன்று குறைக்கும்; ஜேஎன்இசட், விடை சுழி இல்லை என்றால் தாவும். உங்கள் கிட்டில் ராம் 8000-இலோ சி000-இலோ தொடங்கினால் முகவரிகளை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள். அப்போது ஜேஎன்இசட்-க்குப் பின்னால் உள்ள முகவரியையும் மாற்ற வேண்டும். அதை விட்டுவிடுபவர்கள்தான் அதிகம்.

நேரம்: லூப் ஒரு சுற்றுக்கு 7+7+6+6+4+10, ஆக 40 டி-ஸ்டேட். கடைசிச் சுற்றில் ஜேஎன்இசட் தாவாது என்பதால் 10-க்குப் பதில் 7, ஆக 37. முன்னேற்பாட்டுக்கு 27, ஹால்ட்டுக்கு 5. கூட்டினால் 429, மேலே சொன்ன கடிகாரத்தில் சுமார் 140 மைக்ரோ வினாடி.

பத்துக்குப் பதில் 16 பைட் நகர்ந்திருக்கிறது. ஏன்?

சி-யில் 0ஏ போடாமல் 10 போட்டிருப்பீர்கள். ஹெக்ஸ் 10 என்றால் பதினாறு. இதன் அண்ணன் ஒன்று உண்டு: சி-யில் 00 போட்டால் ஒரு பைட்கூட நகராது என்று எதிர்பார்ப்பார்கள், ஆனால் 256 நகரும். டிசிஆர் முதலில் குறைக்கிறது, 00 குறைந்து எஃப்எஃப் ஆகிறது, அது சுழி இல்லை, லூப் தொடர்கிறது. சேருமிடம் 4080 என்று வைத்து இப்படி ஓடவிட்டால் 417எஃப் வரை எழுதப் பார்க்கும். நடுவில் 4100-இல் இருக்கும் உங்கள் புரோகிராமையே அது அழித்துவிடும்.

256-க்கு மேல் நகர்த்த என்ன செய்வது?

எண்ணிக்கையை பிசி ஜோடியில் வையுங்கள். 512 பைட்டுக்கு எல்எக்ஸ்ஐ பி, 0200. லூப்பில் டிசிஎக்ஸ் பி (ஜோடியை ஒன்று குறைக்கும்) கொடுத்ததும் உடனே ஜேஎன்இசட் போடக் கூடாது. ஐஎன்எக்ஸ், டிசிஎக்ஸ் இரண்டும் எந்த ஃபிளாகையும் (விடை சுழியா என்பது போன்றவற்றைக் குறித்து வைக்கும் பிட்) தொடாது. அதனால் மூவ் ஏ, பி, பிறகு ஓஆர்ஏ சி, அதன்பின் ஜேஎன்இசட். இரண்டு பைட்டும் சுழியானால்தான் ஓஆர்ஏ-வின் விடை சுழி. ஏ இங்கே கெடும். அதற்குள் டேட்டா சேருமிடத்துக்குப் போய்விட்டதால் பாதகமில்லை. சுற்றுக்கு 50 டி-ஸ்டேட் ஆகும்.

மூவ் ஏ, எம் கொடுத்து ஜேஇசட் போட்டேன். சுழி வந்தாலும் தாவவில்லை.

டேட்டா நகர்த்தும் கட்டளை எதுவும் ஃபிளாகை மாற்றாது. மூவ், எம்விஐ, எல்டிஏ, எஸ்டிஏ, எல்எச்எல்டி, எக்ஸ்சேஞ்ச் (எச்எல்-ஐயும் டிஇ-யையும் இடம் மாற்றும்) எல்லாம் அப்படியே. ஒரே விலக்கு பாப் பிஎஸ்டபிள்யூ. அது ஸ்டாக்கிலிருந்து (மெமரியில் புஷ் வைத்து, பாப் எடுக்கும் இடம்) ஃபிளாகையே எடுத்து வைக்கிறது. நீங்கள் பார்த்த இசட் ஃபிளாக் அதற்கு முன்னால் நடந்த வேறேதோ கணக்கின் மிச்சம்.

மூவ் ஏ, எம்-க்கு அடுத்து ஓஆர்ஏ ஏ என்று ஒரு பைட் சேருங்கள், ஆப்கோடு பி7. ஏ மாறாது, இசட் சரியாகும். கேரி சுழியாகும் என்பதை மட்டும் கவனியுங்கள். பல பைட் கூட்டலின் நடுவே இதைச் செருகினால் கேரி போய்விடும்.

எடுக்கும் இடமும் வைக்கும் இடமும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால்?

4500 முதல் 4509 வரை உள்ளதை 4502 முதல் 450பி வரை நகர்த்துவதாக வைப்போம். முன்னாலிருந்து தொடங்கினால் முதல் சுற்றிலேயே 4502-இல் இருந்த பழைய பைட் அழிகிறது; அதை எடுக்கும் முறை வரும்போது அங்கே 4500-இன் நகல்தான் இருக்கும். முடிவில் முதல் இரண்டு பைட்டுகளே மாறி மாறி வரிசையாக நிற்கும். விடையில் அப்படி ஒரு கோலம் தெரிந்தால் காரணம் இதுதான்.

மேல்நோக்கி நகர்த்தினால் பின்னாலிருந்து தொடங்குங்கள்: எச்எல்-இல் 4509, டிஇ-யில் 450பி, ஐஎன்எக்ஸ் இரண்டுக்கும் பதில் டிசிஎக்ஸ் எச் 2பி, டிசிஎக்ஸ் டி 1பி. கீழ்நோக்கி நகர்த்தினால் முன்னாலிருந்தே போகலாம். இந்தக் கோளாறையே வசதியாக ஆக்கிக்கொள்வதும் உண்டு. சேருமிடத்தை ஒரே ஒரு இடம் தள்ளி வைத்து முன்னாலிருந்து ஓடவிட்டால், முதல் பைட் அந்தத் துண்டு முழுக்க நிரம்பிவிடும்.

எல்டாக்ஸ் எச் ஏன் இல்லை?

எல்டாக்ஸ் என்பது ஒரு ஜோடி காட்டும் இடத்திலிருந்து ஏ-க்கு எடுப்பது. எச்எல்-க்கு மூவ் ஏ, எம் அதையே செய்கிறது. எல்டாக்ஸும் ஸ்டாக்ஸும் பிசி, டிஇ ஜோடிகளுக்கு மட்டும், ஏ-யோடு மட்டும். டிஇ காட்டும் இடத்திலிருந்து பி-க்கு எடுக்க வேண்டுமானால் எல்டாக்ஸ் டி, மூவ் பி, ஏ போதும், 11 டி-ஸ்டேட். ஏ-யைக் கெடுக்கக் கூடாது என்றால் எக்ஸ்சேஞ்ச், மூவ் பி, எம், மறுபடி எக்ஸ்சேஞ்ச், 15 ஆகும்.

4500, 4501 இரண்டிலும் உள்ளதை இடம் மாற்றச் சுருக்க வழி?

எல்எச்எல்டி 4500, மூவ் ஏ, எல், மூவ் எல், எச், மூவ் எச், ஏ, எஸ்எச்எல்டி 4500 (எச்எல்-ஐத் திரும்ப அங்கே வைக்கும்). ஒன்பது பைட், 44 டி-ஸ்டேட். எல்டிஏ, எஸ்டிஏ கொண்டே செய்தால் 14 பைட், 60 டி-ஸ்டேட். பக்கத்துப் பக்கத்து முகவரியாக இருந்தால்தான் இந்த வழி செல்லும்.

புஷ், பாப் கொண்டு ரெஜிஸ்டர்களுக்குள் மாற்றலாமா?

மாற்றலாம். புஷ் எச், பாப் பி என்றால் எச்எல் அப்படியே பிசி-க்கு வரும். ஆனால் 22 டி-ஸ்டேட். மூவ் பி, எச், மூவ் சி, எல் எட்டிலேயே முடியும். ஸ்டாக் வழி உண்மையில் தேவைப்படும் இடம் ஃபிளாக். அதைப் படிக்க வேறு கட்டளை இல்லை: புஷ் பிஎஸ்டபிள்யூ, பாப் பி கொடுத்தால் பி-யில் ஏ-யும் சி-யில் ஃபிளாகும் வரும்.

புஷ் செய்த வரிசைக்கு நேர் தலைகீழாகப் பாப் செய்ய வேண்டும். புஷ் பி, புஷ் டி என்றால் பாப் டி, பாப் பி. வரிசையை மறந்தால் இரண்டு ஜோடியும் இடம் மாறிக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் முன்னால் எல்எக்ஸ்ஐ எஸ்பி (எஸ்பி என்பது ஸ்டாக் எங்கே என்று காட்டும் ரெஜிஸ்டர்) கொடுத்து ராமில் ஓர் இடத்தைக் காட்டிவிடுங்கள். எஸ்பி ஈப்ராம் பகுதியைக் காட்டினால் புஷ் சத்தமில்லாமல் வீணாகும், பாப் செய்தால் மானிட்டர் புரோகிராமின் பைட் வரும், ரெட் (துணைப் புரோகிராமிலிருந்து திரும்பும் கட்டளை) கொடுத்தால் புரோகிராம் எங்கோ ஓடிவிடும்.

ஏ-யில் விடை இருக்க வேண்டும். ரீசெட் அழுத்திப் பார்த்தால் வேறேதோ காட்டுகிறது.

ரீசெட் ஆனதும் மானிட்டர் ஓடத் தொடங்கி ரெஜிஸ்டர்களைத் தன் வேலைக்கு எடுத்துக்கொள்கிறது. ராமில் இருப்பது மின்சாரம் உள்ளவரை அப்படியே இருக்கும். ஹால்ட்டுக்கு முன்னால் எஸ்டிஏ போட்டு விடையை மெமரியில் இறக்கிவிடுங்கள்.

சரியாக நகர்ந்ததா என்று எப்படிச் சோதிப்பது?

ராம் மின்சாரம் வந்தவுடன் கண்டபடி எண்களோடு இருக்கும். போன தடவை ஓட்டியதன் மிச்சமும் இருக்கலாம். விடை தற்செயலாகச் சரியாகத் தெரிய இது போதும். ஓட்டும் முன் 45எஃப்எஃப் முதல் 460ஏ வரை ஏஏ என்று நிரப்புங்கள். 4500-இலிருந்து 01, 02, 03 என்று பத்து வெவ்வேறு எண்கள் போடுங்கள். எல்லாம் ஒரே எண்ணாக இருந்தால் வரிசை தவறியது தெரியாது. ஓட்டிய பிறகு 4600-இல் 01, 4609-இல் 0ஏ, 45எஃப்எஃப்-இலும் 460ஏ-யிலும் தொடப்படாத ஏஏ இருக்க வேண்டும். 4609-இலும் ஏஏ நின்றால் சி-யில் ஒன்று குறைவு. 460ஏ மாறியிருந்தால் ஒன்றாவது அதிகம். பத்து இடமும் ஏஏ-யாகவே இருந்தால் 4104, 4105 இரண்டு பைட்டையும் திறந்து பாருங்கள்: 00 46 இருக்க வேண்டிய இடத்தில் பெரும்பாலும் 46 00 இருக்கும்.